பழைய ஆயில் என்ஜினை மாற்றும்போது டைமிங் கியர், காம் ஷாப்ட் தேர்வில் கவனம் தேவை

குத்தாலம் வட்டாரத்தில் குறுவைப் பட்டம் தொடங்குவது ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு அல்ல. அதற்கு முன்பே நாற்றங்காலில் தொடங்கிவிடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட வேண்டும். 2020, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்தத் தேதியில் திறக்கப்பட்டது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆற்றை மட்டும் நம்பி விதை ஊற வைக்க முடியாது என்பதால், பில்டர் பாயிண்ட் உள்ளவர்கள் வைகாசியிலேயே நாற்று விட்டுவிடுகிறார்கள். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால், 24 கிலோ விதை, 25 நாள் நாற்று என்பது குறுகிய கால ரகங்களுக்கான கணக்கு. இந்த 25 நாளும் நாற்றைக் காப்பது பம்ப் செட் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பவர்கள், குத்தகைக்குப் பயிரிடுபவர்கள், இரண்டு மூன்று இடங்களில் சிறு துண்டுகளாக நிலம் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இன்றும் டீசல் என்ஜினே கதி. இவற்றில் பல, தகப்பனார் காலத்தில் வாங்கியவை. இரண்டு முறை போர் போட்டு, மூன்று முறை பிஸ்டன் மாற்றி, இனி தாங்காது என்ற நிலையில்தான் வேறு என்ஜின் வாங்கும் எண்ணம் வருகிறது. அந்த எண்ணமும் பெரும்பாலும் நாற்றங்கால் காயும்போதுதான் வருகிறது. அவசரத்தில் ஒரு பழைய என்ஜினை இறக்கி, இதிலுள்ள கியர், அதிலுள்ள காம் ஷாப்ட், கடையில் கிடைத்த டேப்பட் என்று கலந்து பூட்டி ஓட்டினால், ஓடுவதுபோல ஓடி நடுப்பட்டத்தில் நின்றுவிடும். ஆகவே இந்த இரண்டு பாகங்களைப் பற்றி விவசாயிகள் கொஞ்சம் விவரமாகத் தெரிந்து கொள்வது நலம்.

காம் ஷாப்ட் செய்யும் வேலை

வாய்க்காலின் தலைமதகில் லஸ்கர் நேரம் பார்த்து ஷட்டரைத் தூக்கி இறக்குகிறார் அல்லவா? என்ஜினில் அந்த வேலையைச் செய்வது காம் ஷாப்ட். சிலிண்டர் தலையில் இரண்டு மதகுகள் உள்ளன. ஒன்று காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. மற்றொன்று புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. காம் ஷாப்டில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதிகள் டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ்ராடைத் தூக்க, அது ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. நமது பம்ப் செட் என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் அதே காம் ஷாப்டில் மூன்றாவதாக ஒரு காமும் உண்டு. டீசல் பம்பை இயக்குவது அதுதான். எனவே காம் ஷாப்ட் தவறினால் காற்று, புகை, எண்ணெய் மூன்றுமே நேரம் தவறும்.

காற்றை இழுத்தல், அழுத்துதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கு வேலைகளும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்தால் போதும். ஆகையால் காம் ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். கிராங்க் கியரில் 30 பல் இருந்தால் காம் கியரில் 60 பல் இருப்பது இதற்காகத்தான். நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு வால்வு நிமிடத்திற்கு 750 முறை, ஒரு மணியில் 45,000 முறை திறந்து மூடுகிறது. பத்து மணி நேரம் இறைத்தால் நாலரை லட்சம் முறை. இவ்வளவு அடியைத் தாங்கும் பாகத்தைப் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா என்பதை விவசாயிகளே சிந்திக்கலாம்.

பழைய மெதுவேக என்ஜினும் புதிய என்ஜினும்

நம் பக்கத்தில் இரண்டு வகை என்ஜின்கள் உண்டு. முதலாவது, இரண்டு பெரிய சக்கரங்களுடன் 'டுக்... டுக்...' என்று நிதானமாக அடிக்கும் லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் இருந்த லிஸ்டர் கம்பெனி இந்த வகையை முதலில் செய்தது. 5 குதிரைசக்திக்கு 600 சுற்று, 6 குதிரைசக்திக்கு 650 சுற்று என்பது அதன் வேகம். அங்கே தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகியும், அதே அமைப்பில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் செய்யப்பட்ட என்ஜின்கள் நம் ஊர்களில் ஓடுகின்றன. இரண்டாவது, 1500 சுற்று ஓடும் செங்குத்து என்ஜின். கிர்லோஸ்கர் ஏவி-1 இதற்குப் பலரும் அறிந்த உதாரணம்: 5 குதிரைசக்தி, சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ. அதன் அண்ணன் டிவி-1 என்ற என்ஜினுக்கும் ஸ்ட்ரோக் அதே 110 மி.மீ.தான், விட்டம் மட்டும் 87.5 மி.மீ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சாயல். "இரண்டுக்கும் ஒரே சாமான்தான்" என்று கடையில் சொன்னாலும், பாகப் புத்தகத்தில் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

மெதுவேக என்ஜினின் காமும் வேக என்ஜினின் காமும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. வேகமாக ஓடும் என்ஜினில் காற்று உள்ளே வர நேரம் குறைவு. ஆகவே பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும்படி காமைக் கடைந்திருப்பார்கள். டிவி-1 என்ஜினில் அது மேல்முனைக்கு 4.5 பாகை முன்பு திறந்து, கீழ்முனை தாண்டி 35.5 பாகையில் மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு கீழ்முனைக்கு 35.5 பாகை முன்பு திறந்து, மேல்முனை தாண்டி 4.5 பாகையில் மூடுகிறது. இந்தக் கணக்கு காமின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. கியரைத் திருப்பி வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வது சரியல்ல. கியரைத் திருப்பினால் திறப்பது முந்தும், அதோடு மூடுவதும் முந்தும்; திறந்திருக்கும் காலம் மாறாது.

மெதுவேக என்ஜினை எடுத்துவிட்டு 1500 சுற்று என்ஜினை வைப்பவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. என்ஜினை மாற்றுவார்கள், புல்லியை மாற்ற மாட்டார்கள். 650 சுற்று என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு, 1450 சுற்று ஓட வேண்டிய பம்பை ஓட்டினால், பம்பு புல்லி 5 அங்குலம் என்றால் என்ஜின் புல்லி 11 அங்குலம் தேவை. அதே 11 அங்குலப் புல்லியை 1500 சுற்று என்ஜினில் மாட்டினால் பம்பு 3300 சுற்று ஓட முயலும். பம்பின் வேகம் இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். 5 குதிரைசக்தி என்ஜின் இதற்கு எங்கே போகும்? கரும்புகை கக்கித் திணறும். உடனே டைமிங் சரியில்லை என்று கியர் மூடியைக் கழற்றத் தொடங்குவார்கள். டைமிங் மேல் பழி போடுமுன் புல்லியை டேப் வைத்து அளந்து பார்ப்பது சிக்கனமான வைத்தியம். என்ஜினும் பம்பும் நேரடியாக இணைந்த செட்டாக இருந்தால் சுழலும் திசை பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

லாரிக்காரர்கள் இதையெல்லாம் முன்பே அனுபவித்தவர்கள். பழைய பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, பெர்கின்ஸ் பி-6 டீசல் என்ஜினை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அந்த பி-6 என்ஜினில் காம் ஷாப்டை ஓட்டியது கியர் அல்ல, செயின். செயின் தேய்ந்து நீளும்போது டைமிங் தானாகப் பிந்தும். அதை அவ்வப்போது இழுத்துப் பிடிக்க வேண்டும். நமது பம்ப் செட் என்ஜின்களில் கியர் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கியரும் தேயும். அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

டைமிங் கியர் வாங்கும்போது

கிராங்க் கியர், காம் கியர் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் ஒரு பக்கமாகக் கடித்து, சில நாட்களில் 'கீ...' என்று அழத் தொடங்கும், புதியதும் வீணாகும். பல் நேராக வெட்டியதா, சாய்வாக வெட்டியதா என்று பார்க்க வேண்டும். சாய்வுப் பல்லில் வலச்சாய்வு, இடச்சாய்வு என இருவகை உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று சேராது. பற்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பல்லின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கியரையே கடைக்கு எடுத்துச் சென்று பல்லோடு பல் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை. சாவிக்காடியின் அகலத்தையும் அது எந்தப் பல்லுக்கு நேராக வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காடி அரைப் பல் தள்ளி இருந்தாலும் குறியை எவ்வளவு சரியாகச் சேர்த்தாலும் டைமிங் சேராது. சாவி தளர்வாக இருந்தால் தகரம் வைத்து இறுக்குவதை அனுமதிக்கக்கூடாது.

லிஸ்டர் வகையில் கிராங்க் கியருக்கும் காம் கியருக்கும் நடுவே ஒரு இடைக் கியர் உண்டு. என்ஜினில் காரணம் புரியாமல் ஒரு தட்டல் சத்தம் கேட்டால், பிஸ்டனைக் கழற்றுமுன் இந்த இடைக் கியரின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. இடைக் கியர் உள்ள என்ஜினில் ஒருமுறை சேர்த்த குறிகள் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் நேருக்கு நேர் வராது. பல சுற்றுக்குப் பிறகே வரும். குறி விலகிவிட்டதே என்று பயந்து மறுபடி கழற்ற வேண்டியதில்லை.

காம் ஷாப்டை அளப்பது

வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கும் எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்யலாம். காமின் மூக்கு நுனியிலிருந்து எதிர்ப்புற அடிவரை அளந்து, பிறகு காமைக் குறுக்கே, அதாவது அடிவட்டத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். முன்னது 34 மி.மீ., பின்னது 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், காம் தூக்கும் உயரம் 6 மி.மீ. பழையதையும் புதியதையும் இப்படி அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பழையது சற்றுத் தேய்ந்திருக்கும் என்பதால் புதியது சிறிது கூடுதலாக இருப்பது இயல்பு. புதியது பழையதைவிடக் குறைவாக இருந்தால் அது அந்த என்ஜினுக்கு உரியது அல்ல. அடிவட்டம் வேறுபட்டாலும் அப்படியே. இன்லெட் காம், எக்ஸாஸ்ட் காம், டீசல் பம்பு காம் மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். வால்வு காம்களை மட்டும் பார்த்துவிட்டு பம்பு காமை விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. பம்பு காம் தேய்ந்தால் டீசல் நேரம் தாழ்த்திப் பாயும், அளவும் குறையும்.

காமின் முகம் அரைத்து மெருகேற்றியதாக, குழியோ கோடோ இன்றி இருக்க வேண்டும். நல்ல காம் முகம் கடினமாக்கப்பட்டது. அரம் வைத்து ஓரத்தில் லேசாக இழுத்தால் வழுக்கும். அரம் கடித்துத் தூள் வந்தால் அந்தக் காம் ஒரு பட்டம்கூடத் தாங்காது. பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்புவதைவிட அரத்தை நம்பலாம்.

புதிய காமுக்குப் பழைய டேப்பட் வைப்பது மிகப் பெரிய தவறு. டேப்பட்டின் அடிப்பக்கம் பழைய காமுக்கு ஏற்பத் தேய்ந்து கிண்ணம்போல் குழிந்திருக்கும். அது புதிய காமின் மூக்கைச் சில வாரங்களில் தின்றுவிடும். டேப்பட் விலை காம் ஷாப்ட் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். புஷ்ராடைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வால்வு ஸ்பிரிங்கைப் புதியதோடு நிறுத்தி உயரம் பார்க்க வேண்டும். குட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டும்.

ஒரு பல் தவறினால் என்ன ஆகும்?

காம் கியரில் 60 பல் இருந்தால் ஒரு பல் என்பது காம் ஷாப்டுக்கு 6 பாகை; கிராங்குக்கு 12 பாகை. மேல்முனையில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இருப்பது மிகச் சிறிய இடைவெளிதான். ஓரிரு பல் தவறினாலே வால்வு பிஸ்டனில் மோதி வளையக்கூடும். மோதாவிட்டாலும் டீசல் 12 பாகை முந்திப் பாய்ந்தால் என்ஜின் 'டங் டங்' என்று அடிக்கும். அதைவிட முக்கியம், கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் மேலே வருமுன்பே டீசல் எரிந்து சக்கரம் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறியும் ஆபத்து இதில் இருக்கிறது. புதிதாகப் பூட்டிய என்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்ய வீட்டுப் பிள்ளைகளை விடவே கூடாது. டீசல் பிந்திப் பாய்ந்தால் உதைக்காது. ஆனால் வெண்புகை வரும், சைலன்சர் காய்ந்து சிவக்கும், தண்ணீர் கொதிக்கும், டீசல் அதிகம் குடிக்கும். 5 குதிரைசக்தி என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் வரை குடிப்பது நியாயம். அதற்கு மேல் போனால் எங்கோ கோளாறு.

மெக்கானிக் பூட்டி முடித்ததும், விவசாயி பக்கத்தில் நின்று சில சோதனைகளைச் செய்யச் சொல்லலாம். முதலில் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல், சக்கரத்தைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் கெட்டியாக நின்றால் பலம் போட்டுத் திருப்பக் கூடாது. உடனே மூடியைக் கழற்ற வேண்டும். காற்றழுத்தத்தால் வரும் எதிர்ப்பு வேறு. அது சிறிது நேரத்தில் இளகிவிடும். அடுத்தது, புகை வெளியேறி முடிந்து காற்று இழுக்கத் தொடங்கும் மேல்முனையில் சக்கரத்தை நிறுத்தி, சிறிது முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒரு ராக்கர் மூடிக்கொண்டே வரும்போது மற்றது திறக்கத் தொடங்கினால் காம் கியர் சரியாக அமர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். டேப்பட் இடைவெளியைக் குறிப்புப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முன்னதாகவே வைத்திருக்க வேண்டும். இடைவெளி வைப்பது இரண்டு வால்வும் மூடியிருக்கும் மற்ற மேல்முனையில்தான்.

டீசல் பாயும் நேரத்தைப் பார்க்க, பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்பின் வாயில் டீசல் நிரம்பி நிற்கும்படி செய்ய வேண்டும். சக்கரத்தை ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் டீசல் மட்டம் அசைந்து எழும். அதுதான் பாயத் தொடங்கும் புள்ளி. அங்கே சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மேல்முனைக் குறியிலிருந்து எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளக்கலாம். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 188 செ.மீ.; ஒரு பாகைக்கு 5.2 மி.மீ. லிஸ்டர் வகைக்கு 20 பாகை என்றால் சுமார் பத்தரை செ.மீ. வர வேண்டும். டிவி-1 என்ஜினுக்கு 23 பாகை; அதன் சக்கர விட்டத்தை அளந்து இதே முறையில் கணக்கிடலாம். தூரம் கூடுதலாக இருந்தால் டீசல் முந்துகிறது. குறைவாக இருந்தால் பிந்துகிறது. செங்குத்து என்ஜின்களில் பம்புக்கு அடியில் உள்ள ஷிம் தகட்டைக் கூட்டினால் நேரம் பிந்தும், குறைத்தால் முந்தும். லிஸ்டர் வகையில் பம்புக்குக் கீழே உள்ள டேப்பட் திருகை உயர்த்தினால் முந்தும், இறக்கினால் பிந்தும். பழைய ஷிம்களை எண்ணி அப்படியே போடுவது போதாது. காம் புதிதானால் ஷிம் கணக்கும் புதிதாகும்.

பழையதைப் பழுது பார்ப்பதா, புது என்ஜின் வாங்குவதா?

கிராங்க் நல்ல நிலையில் இருந்து, காம், கியர், டேப்பட் மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றி ஓட்டுவது லாபம். கிராங்க், லைனர், காம் மூன்றும் போய், செலவு புது என்ஜின் விலையில் பாதியைத் தாண்டுமானால் பழையதில் பணம் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. நடுவில் ஒரு வழி இருக்கிறது: பட்டறையில் பெயிண்ட் அடித்து நிற்கும் பழைய என்ஜினை மலிவாக வாங்குவது. இதில்தான் ஏமாற்றம் அதிகம். நான்கு என்ஜின்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள். அப்படி வாங்குவதானால் கியர் மூடியையும் ராக்கர் மூடியையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். திறக்க மறுத்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. வாங்கிய என்ஜினின் தகட்டில் உள்ள கம்பெனி பெயர், மாடல், குதிரைசக்தி, சுற்று, வரிசை எண் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ கடையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. வாங்கும் பாகத்திற்குப் பாக எண் எழுதிய ரசீது கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் மாசி, பங்குனியில், தாளடி அறுப்பு முடிந்து என்ஜின் சும்மா இருக்கும்போது செய்தால், அளக்கவும் ஒப்பிடவும் பாகம் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கும். மெக்கானிக்கும் அப்போது நிதானமாக வேலை செய்வார். வைகாசியில் அவரைப் பிடிப்பதே கஷ்டம்.

பூட்டும்போது காம் முகங்களிலும் டேப்பட் அடியிலும் கெட்டியான என்ஜின் ஆயிலைத் தாராளமாகத் தடவ வேண்டும். முதல் சில மணி நேரம் முழுச் சுமை கொடுக்காமல் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தால் இரும்புத் துகள் இருக்கிறதா என்று தெரியும். துகள் மினுமினுத்தால் காமும் டேப்பட்டும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். அதற்கு மேல் ஓட்டாமல் திறந்து பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு டேப்பட் இடைவெளியை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கழற்றிய பழைய காம் ஷாப்டையும் கியர்களையும் உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, குறுவை அறுப்பு முடியும்வரை வைத்திருப்பது நல்லது. புதியது தகராறு செய்தால் அளவு ஒப்பிட அவைதான் கையில் இருக்கும்.